எஞ்சு கோப்புறை: குவீன்ஸ்டவுன் இல்லங்களை முன்வைத்து ஒரு திணையியல் ஆய்வு

கடவுச்சொல் மேலாளர் எனப்படும் செயலியின் பழைய பதிப்பு விடைபெற்று, புதிய பதிப்பு பொறுப்பேற்ற பின்னும் கணினியை விட்டுப் போகாமல் தங்கிவிடும் தரவுக் கோப்புறை, இக்கட்டுரையில் எஞ்சு கோப்புறை எனப்படும். அதைத் திறப்பார் இல்லை; அழிப்பாரும் இல்லை. பழைய செயலியை நீக்கியவர் அதையும் சேர்த்தே நீக்கிவிட்டதாக நம்பி நிம்மதியாக இருப்பார். புதிய செயலியோ, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதை ஆராயச் சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் தகுந்த களம். இரண்டாம் எலிசபெத் அரசியார் முடிசூடிய 1953ஆம் ஆண்டில் பெயர் பெற்ற இவ்வட்டாரம் நாட்டின் முதல் துணைநகரம். காலனி அரசின் மேம்பாட்டு அறக்கட்டளை கட்டத் தொடங்கியது. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, ஏற்றுத் தொடர்ந்தது. முதல் முழுநேரக் கிளை நூலகமும் 1970இல் இங்கேதான் வந்தது. எல்லாவற்றிலும் முதலாக வந்ததால் எல்லாவற்றிலும் முதலாகப் பழையதாகிப்போன ஊர் இது. பழையதை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற கேள்வி இங்கே பல தலைமுறைகளாக நிலுவையில் இருக்கிறது.

ஆய்வின் எல்லையை முதலிலேயே வரையறுப்பது நல்லது. சமையலறை மேல்தட்டில் சேரும் காலி ஐஸ்கிரீம் டப்பாக்கள், இழுப்பறையில் சேரும் நோக்கியா சார்ஜர்கள், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள் ஆகியவை இதில் அடங்கா. அவை தனித்தனி ஆய்வேடுகளுக்கு உரியவை.

தோற்றுவாய்

இக்கோப்புறை ஏன் எஞ்சுகிறது என்று கேட்டால், நிரல் எழுதியவரின் சோம்பேறித்தனம் என்பது பொதுவான பதில். அது அநியாயம். பழைய பதிப்பின் தரவைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவரும்போது நிரல் அதைத் தூக்கிச் செல்வதில்லை. பார்த்துப் படி எடுக்கிறது. பாதி வழியில் மின்சாரம் போனாலும், வட்டில் இடம் போதாமல் போனாலும், மூலம் அப்படியே இருக்க வேண்டும். படியெடுப்பு நல்லபடியாக முடிந்த பிறகும் மூலத்தை அழிக்க எந்த நிரலாளருக்கும் கை வராது. மாற்று நிரலில் ஒரு பிழை இருந்து, இரண்டு மாதம் கழித்து ஒருவர் தம் வங்கிக் கடவுச்சொல்லைக் காணோம் என்று வந்து நின்றால் பதில் சொல்வது யார்?

இன்னொரு காரணம் நாகரிகம் சார்ந்தது. செயலி நிறுவனத்துக்குச் சொந்தம். அதில் எழுதி வைத்தவை பயனருக்குச் சொந்தம். செயலியை நீக்கச் சொன்னால் செயலியை மட்டும் நீக்குவதே முறை என்று நிரலாளர்கள் நெடுங்காலமாகக் கருதிவருகிறார்கள். மேக் கணினியில் செயலியின் படவுருவை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டால் போவது செயலி ஒன்றுதான். அது எழுதிய தரவு வேறொரு இடத்தில் அப்படியே கிடக்கும். விண்டோஸ் நீக்கிகளும் பெரும்பாலும் பயனர் தரவைத் தொடுவதில்லை.

குவீன்ஸ்டவுனின் தங்ளின் ஹால்ட்டை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2014இல் அங்குள்ள 31 புளோக்குகளை வீவக மறுமேம்பாட்டுக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. குடியிருந்தவர்களுக்கு அருகே டாசனில் புது வீடுகள் ஒதுக்கப்பட்டன. புது வீட்டுச் சாவி கைக்கு வந்தபின் குறித்த கெடுவுக்குள் பழைய வீட்டைக் காலி செய்து சாவியைத் திருப்பித் தர வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை. பிறகு வேலி வரும், இயந்திரம் வரும். செயலி உலகில் இப்படிக் கடிதம் அனுப்பிக் கெடு வைக்கும் கழகம் ஏதுமில்லை. எல்லாரும் டாசனுக்குப் போன பிறகும் தங்ளின் ஹால்ட்டின் பத்துமாடி வீட்டில் விளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது, அலமாரியில் நகையும் இருக்கிறது என்றால் எப்படியோ, அப்படித்தான் எஞ்சு கோப்புறையின் நிலை.

முதல், கரு, உரி

தமிழில் ஒன்றை முறையாக ஆராய வேண்டுமானால் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று வகுத்துக்கொள்வது வழக்கம். எஞ்சு கோப்புறை பாலைத் திணைக்கு உரியது என்பது இக்கட்டுரையின் துணிபு. பாலையின் உரிப்பொருள் பிரிவு. தலைவனாகிய செயலி பொருள் தேடிப் புதிய பதிப்பை நோக்கிப் புறப்பட்டுவிட, கோப்புறை வீட்டிலேயே இருக்கிறது. இதைவிடத் தெளிவான பிரிவு சங்க இலக்கியத்திலும் குறைவு.

பெரும்பொழுது வேனிலும் பின்பனியும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வேனிலே ஆகையால் முதல் நிபந்தனை தானாக நிறைவேறுகிறது. பின்பனியை அலுவலகக் குளிரூட்டி பார்த்துக்கொள்ளும். சிறுபொழுது நண்பகல். 'புதிய பதிப்பு வந்துள்ளது, மேம்படுத்தவா?' என்ற அறிவிப்பு சாப்பாட்டுக்கு எழும் நேரம் பார்த்துத் திரையில் வருவதும், அதைப் படிக்காமலே சரி என்று அழுத்திவிட்டு மீ கோரேங் வரிசையில் போய் நிற்பதும் இதற்குப் போதிய சான்று.

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, பிற நிலங்கள் வறண்டு பாலையாகும் என்பது மரபு. எஞ்சு கோப்புறைக்கும் தனி நிலம் இல்லை. விண்டோஸில் அது 'ஆப்டேட்டா' என்னும் மறைந்த கோப்புறைக்குள் இருக்கும். அதற்குள் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்று மூன்று அறைகள். இவற்றுள் ரோமிங்கைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். சில அலுவலக வலையமைப்புகளில் ரோமிங் அறையில் உள்ளவை பயனர் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அவர் பின்னாலேயே வரும்படி அமைக்கப்பட்டிருக்கும். வீட்டில் ஒன்றாக இருக்கும் எச்சம் அங்கே பலவாகப் பெருகும். மேக்கில் இதற்கு ஈடானது பயனரின் 'லைப்ரரி' கோப்புறை. 2011இல் வந்த லயன் பதிப்பு முதல் அதை ஆப்பிள் மறைத்தே வைத்திருக்கிறது; ஃபைண்டரின் 'கோ' பட்டியலை ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் மட்டும் தலைகாட்டும். பொதுமக்கள் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக மறைத்த இடம், பொதுமக்கள் சுத்தம் செய்ய முடியாத இடமாகவும் ஆகிவிட்டது.

கருப்பொருள்களில் முதன்மையானது தரவுத்தளக் கோப்பு. பல மேலாளர் செயலிகள் எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தள முறையைப் பயன்படுத்துகின்றன. அந்தக் கோப்பின் பக்கத்தில் அதே பெயரோடு, வால் போல 'வால்' என்றும் 'எஸ்எச்எம்' என்றும் முடியும் இரண்டு கோப்புகள் காணப்படலாம். முதலாவது, தரவுத்தளத்தில் இன்னும் சேர்க்கப்படாத அண்மைத் திருத்தங்களின் பதிவேடு. இரண்டாவது அதற்கான அட்டவணை. சிறிதாக இருக்கிறதே, தேவையில்லாத கோப்பு போலிருக்கிறது என்று பதிவேட்டை மட்டும் தனியே அழித்தால், கடைசியாகச் செய்த மாற்றங்கள் அதோடு போய்விடும். எஞ்சு கோப்புறையைப் பொறுத்தவரை வைத்தால் முழுதாக வைக்க வேண்டும், அழித்தால் முழுதாக அழிக்க வேண்டும். களை எடுப்பது ஆகாது. இவை தவிர இணையத்தளச் சின்னங்களின் சேமிப்பு, நிகழ்வுப் பதிவுகள், தானியங்கிக் காப்புப் பிரதிகள் ஆகியனவும் அங்கே வாழும் உயிரினங்கள்.

ஒரு சான்று: ஏழும் எட்டும்

கனடாவின் ஏஜில்பிட்ஸ் நிறுவனம் 2006இல் தொடங்கிய ஒன்பாஸ்வேர்ட், எஞ்சு கோப்புறை ஆய்வாளர்களுக்குப் பாடநூல் போன்றது. அதன் 8ஆம் பதிப்பு விண்டோஸுக்கு 2021 நவம்பரிலும் மேக்குக்கு 2022 மே மாதத்திலும் வந்தது. அது 7ஆம் பதிப்பைத் திருத்தி எழுதியதன்று. அடியோடு புதிதாகக் கட்டியது. மேக்கின் தனித்தன்மையை விட்டுவிட்டு எலக்ட்ரான் என்னும் பொதுக் கட்டமைப்புக்குப் போனது குறித்து 2021இல் எழுந்த கூச்சல் தனி வரலாறு. கோப்புறை ஆய்வுக்கு வேண்டியது வேறு. புதிய பதிப்பு தன் தரவை வைக்கப் புதிய முகவரி எடுத்துக்கொண்டது.

மேக்கில் லைப்ரரிக்குள் 'குரூப் கன்டெய்னர்ஸ்' என்ற கோப்புறையைத் திறந்தால் '2பியுஏ8சி4எஸ்2சி' என்று தொடங்கும் பெயர்கள் தென்படும். கல்வெட்டு படிப்பவருக்கு உரிய பொறுமையோடு நோக்கினால் இது பத்து எழுத்துகள் கொண்ட குறி என்பது புலப்படும். செயலி உருவாக்குவோருக்கு ஆப்பிள் வழங்கும் அடையாள எண் அது. இந்தத் தொடக்கத்தைத் தொடர்ந்து 'காம்.ஏஜில்பிட்ஸ்' என்று முடிந்தால் பழைய பதிப்பின் வீடு. 'காம்.1பாஸ்வேர்ட்' என்று முடிந்தால் புதியதன் வீடு. பெயர் வரிசையில் எழுத்துக்கு முன் எண் வரும் என்பதால் புதியது மேலேயும் பழையது அடுத்துக் கீழேயும் நிற்கும். நீளமான பெயரின் நடுவைச் சுருக்கிப் புள்ளி வைத்துக் காட்டும் குறுகிய சாளரத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அவசரக் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

விண்டோஸில் குழப்பம் வேறு வகை. அங்கே 'லோக்கல்' அறையில் ஒன்பாஸ்வேர்டுக்கு ஒரே கோப்புறை; அதற்குள் செயலிக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று. 7ஆம் பதிப்பின் தரவுக் கோப்புக்குப் பெயர் '1பாஸ்வேர்ட்10'. எட்டின் தரவுக் கோப்புக்குப் பெயர் வெறும் '1பாஸ்வேர்ட்'. ஏழுக்கு அடுத்தது எட்டு, எட்டுக்குப் பின் பத்து என்று எண்ணிப் பழகியவர் பத்து என்று எழுதியிருப்பதே புதியது என முடிவு கட்டி மற்றதை அழித்தால், கதை முடிந்தது. கோப்பின் பெயரில் உள்ள எண்ணை நம்பாமல், கடைசியாகத் திருத்தப்பட்ட நாளைப் பார்ப்பதே அறிவுடைமை. இன்று காலை திருத்தப்பட்டதாகக் காட்டுவது உயிருள்ள கோப்பு. மூன்று ஆண்டுக்கு முந்தைய நாளைக் காட்டுவது எச்சம்.

இதில் இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. 7ஆம் பதிப்பு வரை, நிறுவனத்தின் கணக்கு இல்லாமலே கணினிக்குள் தனிப்பெட்டகம் வைத்துக்கொள்ள முடிந்தது. சந்தா கட்ட விருப்பமில்லாத பழைய வாடிக்கையாளர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். 8ஆம் பதிப்பு தனிப்பெட்டகத்தை ஏற்பதில்லை. கணக்குக்கு மாற்றினால்தான் உண்டு. ஒருவர் சில பதிவுகளைக் கணக்கிலும் சிலவற்றைத் தனிப்பெட்டகத்திலும் வைத்திருந்து, கணக்கில் இருந்தவை மட்டும் புதியதில் தெரிந்தால், மற்றவை பழைய கோப்புறையில் மட்டுமே இருக்கின்றன. அப்போது அது எச்சம் அன்று, ஒரே மூலம். இந்த ஆய்வுத் துறையின் ஆகப் பெரிய விபத்துகள் இந்த வேறுபாட்டைக் காணாத துப்புரவு ஆர்வலர்களால் நிகழ்பவை.

கீபாஸ் பயனர்களின் நிலை எளிது. 2003இல் தொடங்கிய அச்செயலியில் தரவுக் கோப்பை எங்கே வைப்பது என்பதைப் பயனரே முடிவு செய்கிறார். முதல் தலைமுறையின் 'கேடிபி' கோப்பிலிருந்து இரண்டாம் தலைமுறையின் 'கேடிபிஎக்ஸ்' கோப்புக்கு மாறியவர்களிடம் பழைய கோப்பு பெரும்பாலும் ஒரு தம்ப் டிரைவில் இருக்கும். அந்தத் தம்ப் டிரைவ் எங்கே என்பது மேலாய்வுக்கு உரியது.

கருத்து வேறுபாடுகள்

எஞ்சு கோப்புறையை என்ன செய்வது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. குவீன்ஸ்டவுனின் மெய் லிங் ஸ்திரீட்டில் உள்ள வீடு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இவ்விவாதம் எப்படி நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. பொங்கோலில் குடியிருக்கும் மகள் வந்து அப்பாவின் கணினியைப் பார்க்கிறார். கடவுச்சொல் மேலாளரை நிறுவிக் கொடுத்ததும் அவர்தான், ஆகவே அகப்பாடல் மரபில் தோழியின் இடம் அவருக்கு உரியது.

"அப்பா, இந்தப் பழைய போல்டர் எதுக்குப்பா? டிலீட் பண்ணிரட்டுமா?"

"கிடக்கட்டும்மா. அது என்ன சோறா கேக்குது?"

சோற்றுக் கோட்பாடு என்று இதை அழைக்கலாம். செலவு வைக்காத எதையும் வைத்திருப்பதில் நட்டமில்லை என்பது இதன் சாரம். இடத்தைப் பொறுத்த அளவில் கோட்பாடு சரியே. நூற்றுக்கணக்கான கடவுச்சொற்கள் உள்ள பெட்டகமும் சில மெகாபைட்டுகளைத் தாண்டுவது அபூர்வம். சின்னங்களையும் பதிவுகளையும் கூட்டினாலும் உறவினர் குழுவில் ஒரு வாரத்தில் வந்து சேரும் 'இனிய காலை வணக்கம்' படங்களுக்கு ஈடாகாது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக எஞ்சு கோப்புறையை அழிக்கிறேன் என்பவர் தாமரைப்பூப் படங்களிலிருந்து தொடங்கட்டும்.

எதிர்த் தரப்பினர் கண்டதும் அழிக்கும் கட்சி. கைபேசியில் எத்தனை செயலிகள் பின்னணியில் ஓடினாலும் அத்தனையையும் தள்ளி மூடிக்கொண்டே இருப்பவர்கள் இவர்கள். மேலே சொன்ன தனிப்பெட்டக விபத்துக்குப் பெரும்பாலும் இவர்களே ஆளாகிறார்கள்.

மூன்றாம் தரப்பு பெயர் மாற்றுவோர். கோப்புறையின் பெயருக்குப் பின்னால் 'ஓல்ட்' என்று சேர்த்துவிட்டு, புதிய செயலி முகம் சுளிக்காமல் ஓடுகிறதா என்று இரண்டு மூன்று வாரம் கவனிப்பார்கள். நடைமுறையில் இதுவே ஆகச் சிறந்த முறை. கோப்புறை இருந்த இடத்தில் இல்லாவிட்டால் யார் அழுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். அழுதால் பெயரைத் திருப்பி வைத்தால் போதும். ஆனால் இந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்களிடம் ஒரு குறை உண்டு. கவனித்து முடித்தபின் அழிக்க மறந்துவிடுவார்கள். 'ஓல்ட்', 'ஓல்ட்2', 'ஓல்ட்_பைனல்' என்று அடுக்கடுக்காகக் கிடைக்கும் படிமங்களைக் கொண்டு ஒரு கணினியின் குடியேற்ற வரலாற்றைக் கீழடி அகழாய்வு போல எழுதிவிடலாம்.

உண்மையான ஆபத்து

சோற்றுக் கோட்பாடு கவனிக்கத் தவறுவது காலத்தை. எஞ்சு கோப்புறை பூட்டப்பட்டதுதான்; உள்ளே இருப்பவை மறையாக்கம் செய்யப்பட்டவைதான். ஆனால் அது பழைய பூட்டு. மேம்படுத்திய பிறகு ஒருவர் தம் பிரதானக் கடவுச்சொல்லை எவ்வளவு வலிதாக மாற்றினாலும், அந்த மாற்றம் பழைய படியைப் போய்ச் சேராது. அது பழைய கடவுச்சொல்லுக்கே திறக்கும். அந்தப் பழைய கடவுச்சொல் பழைய புளோக் எண்ணும் காமன்வெல்த் டிரைவின் முனீஸ்வரன் பெயரும் சேர்ந்த ஒன்றாக இருக்கலாம். தங்ளின் ஹால்ட் பக்கம் ரயில்வேத் தொழிலாளர்கள் கும்பிடத் தொடங்கிய அந்தக் காவல் தெய்வத்தின் ஆற்றலில் ஐயமில்லை. ஆனால் அவர் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்தால் காவல் கிடைக்காது.

பூட்டின் பொறியும் பழையதே. பிரதானக் கடவுச்சொல்லை நேரடியாகச் சாவியாக்காமல், ஒரு கணக்கை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்து சாவி உருவாக்குவது வழக்கம். ஊகித்துப் பார்க்கும் திருடர் ஒவ்வொரு ஊகத்துக்கும் அத்தனை முறையும் கணக்குச் செய்ய வேண்டும் என்பதால் அவருக்கு நேரம் பிடிக்கும். கணினிகள் வேகமாக ஆக ஆக இந்த எண்ணிக்கையும் கூட்டப்படுகிறது. பழைய படியில் இருப்பதோ அந்நாளைய எண்ணிக்கை.

2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்த திருட்டு இதை உலகுக்கே எடுத்துக் காட்டியது. வாடிக்கையாளர்களின் பெட்டகங்களது காப்புப் பிரதிகள் பறிபோயின. 2018 முதல் அங்கே வழக்கமான எண்ணிக்கை 100,100. ஆனால் பழைய கணக்குகள் சிலவற்றில் அது 5,000 அளவிலோ அதற்கும் கீழேயோ நின்றுபோயிருந்தது. 2023இல் புதிய அளவு 600,000 ஆனது. செய்தி வந்த மறுநாள் பிரதானக் கடவுச்சொல்லை மாற்றியவர்களுக்கு அதனால் பயன் சிறிதே. திருடர் கையில் இருந்த படி பழைய சொல்லுக்குத்தான் கட்டுப்பட்டது. உள்ளே இருந்த வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக மாற்றியவர்களே தப்பினார்கள். பெரிய நிறுவனத்தின் காப்புப் பிரதிக்கும் மெய் லிங் ஸ்திரீட்டின் எஞ்சு கோப்புறைக்கும் இவ்வகையில் வேறுபாடு இல்லை.

கோப்பு இடம் மாறிய விபத்து ஒன்று ஏறக்குறையக் கடவுச்சொல் அளவுக்கே பழையது. அமெரிக்காவின் எம்ஐடியில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய சிடிஎஸ்எஸ் கணினியில்தான் 1960களில் கடவுச்சொல் பெருவழக்கானது. அதே பத்தாண்டின் நடுவில் ஒருநாள், உள்ளே நுழைந்தவர் அனைவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகிக் கைக்கு வந்தன. நிர்வாகிகளுள் ஒருவர் அறிவிப்பையும் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே வேளையில் திருத்திக்கொண்டிருந்தனர். திருத்தி மென்பொருள் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு வைத்ததால் ஒன்று மற்றதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. தற்காலிகக் கோப்புதானே என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்க.

ஆனாலும் இத்துறையில் ஆகக் கொடியது பூட்டிய கோப்புறை அன்று. ஒரு நிறுவனத்தின் மேலாளரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, பலர் ஏற்றுமதி என்ற பொத்தானை அழுத்துகிறார்கள். அது தரும் 'சிஎஸ்வி' கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் பச்சையாக, பூட்டின்றி, எக்செல்லில் திறந்தால் கட்டம் கட்டமாகப் படிக்கும்படி இருக்கும். இறக்குமதி முடிந்ததும் அதன் வேலை முடிந்தது, அழித்துவிட வேண்டும். ஆனால் அது 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில், மின்கட்டண ரசீதுக்கும் லிட்டில் இந்தியா உணவகம் ஒன்றின் தீபாவளிப் பட்சணப் பட்டியலுக்கும் நடுவே, ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மேசைத்திரையில் போட்டு வைத்தால் இன்னும் மோசம். ஐகிளவுடோ ஒன்டிரைவோ அதைத் தானாகவே மேகத்துக்கு ஏற்றிவிடக்கூடும். அங்கே அழித்தாலும் 30 நாள் வரை அங்குள்ள குப்பைத்தொட்டியில் இருக்கும். எஞ்சு கோப்புறையைத் தேடிப் புறப்படுபவர் அதற்கு முன் டவுன்லோட்ஸில் 'சிஎஸ்வி' என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது நேரத்துக்கு நல்ல பயன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்கலாம். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தேவை முடிந்த பிறகு தனிநபர் தகவல்களை வைத்திருக்கக் கூடாது என்று அமைப்புகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் தம் சொந்த, குடும்ப அலுவலாகச் செய்பவர்களுக்கு அந்தக் கடமை இல்லை. ஆகவே மெய் லிங் ஸ்திரீட் அப்பா சட்டப்படி குற்றமற்றவர். புளோக்கின் கீழ்த்தளத்தில் துணைப்பாட நிலையம் நடத்தி, மாணவர் விவரங்களையும் பெட்டகக் குறிப்புகளில் எழுதி வைத்திருப்பவர் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

அகற்றும் முறை

அகற்றுவதில் வரிசை முக்கியம். முதலில் புதிய செயலியில் எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். பழையதில் எத்தனை பதிவுகள், புதியதில் எத்தனை என்று எண்ணிக்கையை ஒப்பிடுவது தொடக்கம் மட்டுமே. வழக்கமான கடவுச்சொற்கள் எளிதில் வந்துவிடும். விடுபடக்கூடியவை ஓரத்தில் இருப்பவை. பாஸ்போர்ட்டின் படம் போன்ற இணைப்புகள், ஒருமுறைக் கடவுச்சொல் உருவாக்கும் விதைக் குறிகள், பாதுகாப்புக் குறிப்புகள், காப்பகத்தில் போட்டவை ஆகியவற்றைத் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும். பெட்டகங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பிறகு கணினியை அணைத்து, மீண்டும் இயக்கி, பிரதானக் கடவுச்சொல்லைக் கையால் தட்டிப் புதியதைத் திறக்க வேண்டும். விரல்ரேகையாலேயே ஆண்டுக்கணக்கில் திறந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் வியர்க்கும்.

எல்லாம் சரியென்றால் பழைய செயலியையும் உலாவியில் அதன் பழைய நீட்டிப்பையும் நீக்கிவிட்டு, கோப்புறைக்குப் பெயர் மாற்றிச் சில வாரம் விட்டுவைக்கலாம். கெடு நாளை நாள்காட்டியில் குறித்துக்கொள்வது, பெயர் மாற்றும் பள்ளியின் பரம்பரைக் குறைக்கு மருந்து. அந்த நாள் வந்ததும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. மேக்கின் டைம் மெஷின் கடந்த ஒரு நாளுக்கு மணிக்கொரு பிரதி, ஒரு மாதத்துக்கு நாளுக்கொரு பிரதி, அதற்கு முன் வாரத்துக்கொரு பிரதி என்று வட்டு நிரம்பும் வரை வைத்துக்கொண்டே போகும். கணினியில் அழிந்த கோப்புறை அங்கே நல்ல உடல்நலத்தோடு இருக்கும். காப்பு வட்டையே மறையாக்கம் செய்வது இதற்கு நல்ல வழி. அழித்த இடத்தின் மேல் பூச்சியங்களை எழுதித் தடயத்தைத் துடைக்கும் பழைய வித்தையும் இக்காலத் திட நிலை வட்டுகளில் நம்பத்தக்கதன்று. எல்லா அணுக்களும் சமமாகத் தேயட்டும் என்று வட்டின் கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்துகளை இடம் மாற்றி மாற்றி வைப்பதால், மேலே எழுதியதாக நினைப்பது வேறெங்கோ எழுதப்பட்டிருக்கும். ஃபைல்வால்ட், பிட்லாக்கர் போன்ற முழு வட்டு மறையாக்கத்தை முதல் நாளே இயக்கி வைத்திருந்தால் இந்தக் கவலை பெருமளவு நீங்கும். மிச்சக் கவலைக்கு, லாஸ்ட்பாஸ் வாடிக்கையாளர்கள் கற்ற பாடமே மருந்து: வங்கி, மின்னஞ்சல், சிங்பாஸ் கடவுச்சொற்களையாவது மாற்றிவிட்டால், பழைய படி யார் கைக்குப் போனாலும் அதிலிருப்பது காலாவதியான சரக்கு.

கடைசியாகக் கணினியே எச்சமாகும் நிலை. டாசன் புது வீடுகளில் குடிமைத் தற்காப்புக்கென்று கட்டப்பட்ட பாதுகாப்பறை, பாதுகாப்பறை உள்ள மற்ற வீடுகளில் போலவே, அரிசி மூட்டை, சூட்கேஸ், நவராத்திரி பொம்மைகள் ஆகியவற்றோடு பழைய மடிக்கணினியையும் காத்துவருகிறது. தடித்த கான்கிரீட் சுவருக்கும் எஃகுக் கதவுக்கும் பின்னால், அருகே வெடிகுண்டே விழுந்தாலும் அசையாதபடி, எஞ்சு கோப்புறை அங்கே பத்திரமாக இருக்கிறது. என்றாவது ஒருநாள் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார், அல்லது வீட்டம்மா பொறுமை இழப்பார். 2021 ஜூலை முதல் சிங்கப்பூரில் மின்கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்கள் மேல் இருக்கிறது. 300 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்புள்ள மின்பொருள் கடைகளும் கழிவை வாங்கிக்கொள்ள வேண்டும். மடிக்கணினியை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம், காசு கேட்க மாட்டார்கள். வட்டில் உள்ளதை அழிப்பது மட்டும் கொடுப்பவரின் பொறுப்பு. சார்ஜரைத் தேடி எடுத்து, கணினியை ஒருமுறை இயக்கி, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட்டுக் கொடுங்கள். சார்ஜர் கிடைக்காவிட்டால் நோக்கியா இழுப்பறையில் பாருங்கள்.